பீடி சுற்றுதல்: தார்சாவில் வழங்கும் சொற்களும் செய்முறையும்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. உடன் வேலை செய்கிறவர்கள் பெட்டி சிகரெட் வாங்காமல், புகையிலையைத் தனியாகவும் தாளைத் தனியாகவும் வாங்கிவந்து தாங்களே சுற்றிக்கொள்வதைப் பார்த்தபோது, நெல்லை மாவட்டத்து முக்கூடலில் தம்முடைய ஆச்சி பீடி சுற்றிக்கொண்டிருந்தது அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. இரண்டும் ஒரே வேலைதானா, பீடி சுற்றுவதில் என்னென்ன படிகள், அவற்றுக்கு வழங்கும் சொற்கள் எவை, வீட்டில் சுற்றியதனால் கேடு குறையுமா என்று கேட்டிருக்கிறார்.

அம்பாசமுத்திரத்துக்கும் ஆலங்குளத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், அம்மாவும் இரண்டு சித்திகளும் தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், உட்கார்ந்து பீடி சுற்றிய வீட்டில் வளர்ந்தவன் நான். பிற்காலத்தில் பீடித் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்பு நிதி விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். இந்தத் தொழிலின் கைவேலையையும் கணக்கையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன். பீடி சுற்றுகிறவர்களின் பேச்சில் கத்திரிக்கும் நூலுக்கும் இருக்கும் இடம் தராசுக்கும் கழிவுக்கும் உண்டு.

முதலில் சிகரெட்டைச் சொல்லிவிடுகிறேன், அதில் சொல்ல வேண்டியது குறைவு. வீட்டில் சிகரெட் செய்துகொள்வதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று தாளில் சுற்றுவது. மற்றொன்று குழலில் அடைப்பது. சுற்றுவதற்கான தாள் சிறு மடிப்புகளாக அட்டை உறையில் வரும். வழக்கமான தாளின் நீளம் ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். அதன் ஒரு நீள ஓரத்தில் கருவேலம் பிசின் போன்ற ஒரு பசை தடவப்பட்டிருக்கும். தாளை இரு கைவிரல்களிலும் தொட்டில்போல் ஏந்தி, மெல்லிய இழைகளாக நறுக்கிய புகையிலையை அதில் சீராகப் பரப்பி, வேண்டுமென்றால் ஒரு முனையில் பஞ்சு வடிகட்டியை வைத்து, கட்டைவிரல்களால் முன்னும் பின்னும் உருட்டிப் புகையிலையை உருளையாக்கிய பிறகு, பசையில்லாத ஓரத்தை உள்ளே செருகிச் சுற்றி, பசை ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டுகிறார்கள். கை பழகாதவர்களுக்கு இரண்டு சிறு உருளைகளுக்கு நடுவே ஒரு துணிப்பட்டையை மாட்டிய உருட்டுப் பெட்டி கிடைக்கிறது. குழலில் அடைக்கும் முறையில், வடிகட்டி ஏற்கெனவே பொருத்தப்பட்ட வெற்றுச் சிகரெட் குழல்களை நூற்றுக்கணக்கில் வாங்கிவைத்து, நெம்புகோல் உள்ள ஒரு கைப்பொறியில் புகையிலையை நிரப்பி, ஒரு தள்ளலில் குழலுக்குள் செலுத்துகிறார்கள்.

இவ்வாறு செய்துகொள்வதற்கு முதன்மையான காரணம் விலைதான். பல நாடுகளில் ஆயத்தச் சிகரெட்டைவிடத் தனிப்புகையிலையின் மீது வரி குறைவாக இருந்துவந்தது. அந்த இடைவெளியைப் பல அரசுகள் இப்போது சிறிது சிறிதாக அடைத்துவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வெளியிட்ட புகையிலைப் பொருள்களுக்கான ஆணை, சுற்றும் புகையிலையை 30 கிராமுக்குக் குறைந்த பையில் விற்கக்கூடாது என்று விதித்தது. கையில் இருக்கும் சில்லறைக்குச் சிறு பை வாங்கிப் பழக்கத்தைத் தொடங்கும் இளையவர்களைத் தடுப்பது அதன் நோக்கம். தாளைப் பற்றியும் ஒரு செய்தி: புகழ்பெற்ற ரிஸ்லா என்னும் தாளின் பெயர், பிரெஞ்சு மொழியில் அரிசியைக் குறிக்கும் 'ரி' என்ற சொல்லையும் அதைத் தயாரித்த லக்ருவா குடும்பத்தின் பெயரையும் சேர்த்து உண்டானது.

சிகரெட் சுற்றும் வேலையில் தாள் எப்போதும் ஒரே தாள். அளவு, தடிமன், பசை எல்லாம் ஆலையிலேயே முடிவாகிவிடும். சுற்றுகிறவர் புகையிலையின் ஈரத்தையும் அளவையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பீடியில் உறையாக இருப்பது காட்டில் பறித்த இலை. எந்த இரண்டு இலைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று தடித்திருக்கும், ஒன்று பூச்சி அரித்திருக்கும், ஒன்றின் நடு நரம்பு விரலில் உறுத்தும். அதனால் பீடியில் தேர்ச்சி என்பது முக்கால் பங்கு இலையை அறிவதில் இருக்கிறது, மீதிக் கால் பங்குதான் சுற்றுவது. உங்கள் ஆச்சியிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

சொற்களில் மூன்றைப் பிரித்து அறிவது நல்லது. புகையிலையைப் புகையிலையிலேயே சுருட்டினால் சுருட்டு. திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும் யாழ்ப்பாணமும் பெயர் பெற்றது அதற்குத்தான், ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'செரூட்' என்ற சொல்லும் நம்முடைய சுருட்டிலிருந்து போனதே. புகையிலையைத் தாளில் சுற்றினால் சிகரெட். புகையிலையை வேறொரு மரத்தின் இலையில் சுற்றினால் பீடி. பீடி என்ற சொல் வடக்கிலிருந்து வந்தது. வெற்றிலைச் சுருளைக் குறித்த 'வீடிகா' என்ற வடசொல்லே பீடாவுக்கும் பீடிக்கும் வேர். இலையில் பொருளை வைத்து மடிப்பதைக் குறித்த சொல் புகைக்கும் பொருளுக்கும் ஆகியிருக்கிறது.

அந்த வேறொரு மரத்தை இந்தியில் தெந்து என்றும், ஒடியாவில் கெந்து என்றும், தெலுங்கில் துனிக்கி என்றும் சொல்கிறார்கள். கருங்காலி வகையைச் சேர்ந்த மரம். நம் ஊர்ப் பெண்களுக்கு அது வெறும் 'இலை'. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் காடுகளிலிருந்து வருகிறது. கோடைக்கு முன் செடியைத் தறித்துவிட்டால் புதுத் தளிர் வரும். அது முற்றிப் பதம் வரும் கோடையில், மழை இறங்குவதற்குள், பெரும்பாலும் பழங்குடியினர் அதைப் பறித்துக் கட்டி வெயிலில் உலர்த்துகிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் 50 இலை ஒரு கட்டு, ஆயிரம் கட்டு ஒரு மூட்டை என்பது கணக்கு. அங்கே இந்த வணிகத்தை அரசே 1964-இல் தன் கையில் எடுத்துக்கொண்டது. தூத்துக்குடி, இராமேசுவரம் கடற்கரைகளில் இலங்கைக்குக் கடத்த இருந்த பீடி இலை பிடிபட்டது என்று செய்தித்தாள்களில் நீங்கள் அடிக்கடி படிப்பது இந்த இலையைத்தான். நடு இந்தியக் காட்டில் பறித்த இலை நெல்லைச் சீமையில் நனைந்து, அங்கிருந்து கடல் கடந்தும் போகிற அளவுக்கு இதற்கு மாற்று இலை கிடைக்கவில்லை. உலர்ந்த பிறகும் நனைத்தால் மீண்டும் மென்மையாவது, மடித்தால் முறியாதது, நரம்பு மெலிந்திருப்பது ஆகிய பண்புகள் இவ்வளவு சேர்ந்து வாய்த்த இலை வேறில்லை என்பதே காரணம்.

உள்ளே வைப்பதைத் 'தூள்' என்பார்கள். பெயர்தான் தூள், உண்மையில் அது வெயிலில் பதப்படுத்திய புகையிலையை உடைத்துச் சலித்த சிறு நொறுக்கு. குஜராத்தின் ஆனந்த், கேடா வட்டாரங்களும், கர்நாடகத்தின் நிப்பாணியும் இதற்குப் பெயர் போனவை. ஒரு பீடிக்குள் போவது 0.15 முதல் 0.25 கிராம் வரை. ஒரு சிகரெட்டில் இருப்பதில் இது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்கு அளவே. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு தூள், இவ்வளவு இலை என்று கடையில் நிறுத்துக் கொடுப்பார்கள். இங்கே 'கடை' என்பது பீடி விற்கும் கடை ஆகாது. நிறுவனத்தின் சார்பில் இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் இடத்துக்கே பீடிக்கடை என்று பெயர். அங்கே கணக்கு எழுதுகிறவர் கணக்கப்பிள்ளை. நடுவில் ஒப்பந்தக்காரர் இருந்தால் அவர் ஏஜெண்டு.

இனிச் செய்முறைக்கு வருகிறேன்.

மாலையில் இலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நனைப்பது. கட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து, தண்ணீர் வடியவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி இரவு முழுவதும் வைப்பார்கள். இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மறுநாள் பீடி எப்படி வரும் என்பது இந்த இரவிலேயே முடிவாகிறது. ஈரம் குறைந்தால் கத்திரி பட்ட இடத்தில் இலை வெடிக்கும், மடிக்கிற இடத்தில் முறியும். ஈரம் மிகுந்தால் தூள் நனைந்து கட்டிபடும், சுற்றிய பீடி உலரும்போது தளர்ந்து நூல் கழன்றுபோகும். மழைக்காலத்தில் பூசணமும் பிடிக்கும். ஆகவே கார்த்திகையில் ஒரு பக்குவம், சித்திரையில் ஒரு பக்குவம். அம்மா விடிவதற்கு முன் எழுந்து சாக்கைப் பிரித்து, நடுக் கட்டிலிருந்து ஓர் இலையை உருவி, அதன் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மெதுவாக மடித்து, காதருகே கொண்டுபோவாள். சிறு முறுக்கொலி கேட்டால் இன்னொரு கை தண்ணீர் தெளித்து மறுபடியும் மூடிவிடுவாள். ஒலி இல்லாமல் துணிபோல் மடிந்தால் கத்திரியை எடுப்பாள். அந்த ஓர் இலை சொல்வதை நம்பி ஆயிரம் இலையையும் வெட்டத் தொடங்குவாள். அவள் கணிப்பு தப்பியதாக எனக்கு நினைவில்லை.

அடுத்தது 'இலை வெட்டுதல்'. ஒவ்வொரு நிறுவனமும் தன் பீடியின் அளவுக்கு ஏற்ப ஒரு தகரத் தகடு கொடுத்திருக்கும். அளவுத் தகடு என்பது அதுதான். உள்ளங்கையில் அடங்கும் நீள்சதுரமான அந்தத் தகட்டை இலையின் மீது வைத்து, சுற்றிலும் கத்திரியால் வெட்ட வேண்டும். தகட்டை எங்கே வைப்பது என்பதுதான் இதில் உள்ள அறிவு. நடு நரம்பு ஓரமாகப் போக வேண்டும், ஓட்டை தவிர்க்கப்பட வேண்டும், ஆனால் இலை வீணாகவும் கூடாது. பெரிய இலையில் இரண்டு துண்டு வரும், சில வேளை மூன்று, சிறியதில் ஒன்றே. தடித்த நரம்பு விட்டுவைக்க முடியாத இடத்தில் இருந்தால் கத்தி முனையால் அதைச் சுரண்டி மட்டமாக்குவார்கள். கடை கொடுக்கும் இலையின் எடை மாறாது. இலை மட்டமாக இருந்தால் துண்டுகளின் எண்ணிக்கை குறையும், குறைகிற அளவுக்குச் சுற்றுகிறவர் தம் காசில் வெளியே இலை வாங்கிச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே வெட்டும்போது ஒரு துண்டைக் காப்பாற்றுவது கைத்திறன் மட்டும் ஆகாது, கூலியைக் காப்பாற்றுவதும் அதுவே. வெட்டிய துண்டுகளை மீண்டும் ஈரத்துணியில் பொதிந்து வைத்துக்கொள்வார்கள். வெட்டி முடிக்கவே சில மணி நேரம் ஆகிவிடும். 'காலையில் வெட்டு, பகலில் சுற்று' என்று நாளைப் பிரித்துக்கொள்வது அதனால்தான்.

சுற்றுவதற்கு மடியில் சுளகு வேண்டும். எங்கள் பக்கத்தில் பேச்சில் 'சொளவு' என்போம். வேலூர், குடியாத்தம் பக்கம் போனால் முறம். சுளகின் ஒரு மூலையில் தூள், இன்னொரு மூலையில் ஈரத்துணியில் இலைத் துண்டுகள், விளிம்பில் நூல் உருண்டை. இடக்கையில் ஒரு துண்டை ஏந்தி, வலக்கை விரல்களின் நுனியால் தூளைக் கிள்ளி எடுத்து, இலையின் நீளத்துக்குப் பரப்பி, ஒரு மூலையிலிருந்து சற்றுச் சாய்வாக இறுக்கி உருட்ட வேண்டும். சாய்வாக உருட்டுவதால் ஒரு முனை மெலிந்தும் மறுமுனை அகன்றும் கூம்பு வடிவம் வருகிறது. இறுக்கம் சரியாக அமைய வேண்டும். தளர்ந்தால் தூள் கொட்டும், மிகவும் இறுகினால் புகை வராது. பிறகு அகன்ற முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் இலை விளிம்பை நகத்தாலோ சிறு இரும்புக் கருவியாலோ உள்ளே மடக்கி மூடுவார்கள். இதற்கு 'மடக்குதல்' என்று பெயர். பழகுகிறவர்களுக்கு மிகவும் சிரமம் தருவது இதுதான். கடைசியாக மெலிந்த பக்கத்தில் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சாக இழுத்து அறுப்பது 'கட்டுதல்'. நூலின் நிறம் பீடியின் பெயருக்கு ஏற்ப மாறும்.

இவ்வளவையும் நான் எழுதுவதற்கு ஒரு பத்தி ஆகிறது. செய்வதற்குச் சில விநாடிகள்தான். தேர்ந்த கை ஒரு நாளில் ஆயிரம் சுற்றும், அதற்கு வீட்டு வேலைக்கு நடுவே எட்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். என் சின்னச் சித்தி பேசிக்கொண்டும், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டும் சுற்றுவாள். ஆனால் அவளுடைய வலக்கை தூளைக் கிள்ளும் அளவு மாறவே மாறாது. ஒருமுறை அவள் சுற்றியதில் பத்துப் பீடியைப் பிரித்து, தூளைத் தனித்தனிக் குவியலாகத் தார்சாத் தரையில் வைத்துப் பார்த்தேன். பத்துக் குவியலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. பிரித்ததற்காகத் திட்டினாள், அந்தப் பத்தையும் மறுபடியும் சுற்ற வேண்டியதாயிற்று.

சுற்றியவற்றை எண்ணி, பெரும்பாலும் 25 கொண்ட கட்டுகளாகக் கட்டுவார்கள். கட்டை எங்கள் ஊரில் 'பண்டல்' என்றும் சொல்வதுண்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். இந்த 'ஆயிரம்' என்பது இந்தத் தொழிலின் அடிப்படை அலகு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான். நாளுக்கு இவ்வளவு என்று யாரும் பேசுவதில்லை. "இன்றைக்கு எவ்வளவு போட்டாய்?" என்று ஒருத்தி கேட்டால், "முக்கால்" என்று மற்றவள் சொல்வாள், எழுநூற்றைம்பது என்று பொருள்.

மாலையில் கட்டுகளைத் தட்டில் அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தொடங்குவது இரண்டாவது சொல்தொகுதி. கட்டு ஒன்றை உருவிப் பிரித்து, பீடிகளை விரலால் அழுத்தி, நீளம், இறுக்கம், மடக்கு, நூல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சரியில்லை என்று ஒதுக்குவது 'கழிவு'. கழித்ததற்குக் கூலி இல்லை. இலைக்கும் தூளுக்கும் கணக்கு மட்டும் சுற்றியவர் மீதே நிற்கும். ஏற்றுக்கொண்டதைச் சுற்றுகிறவரின் கணக்குப் புத்தகமான 'பாஸ்புத்தகத்தில்' பதிவார்கள். எங்கள் ஊரில் இருந்த ஒரு கடையில், கழிக்கப்பட்ட பீடியைத் திருப்பித் தராமல் தங்களிடமே வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒரு மழைக்கால மாலை அம்மாவின் மூன்று கட்டுகளை ஒதுக்கியபோது, அவள் கட்டுகளைத் தன்னிடமே கொடுக்கும்படி கேட்டாள். கூலி தரமுடியாத பீடி உங்களுக்கு எதற்கு என்று அவள் கேட்ட கேள்விக்குக் கணக்கப்பிள்ளை பதில் சொல்லாமல் அடுத்தவரின் தட்டை இழுத்துக்கொண்டார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நியாயம் முழுவதும் அந்தக் கேள்வியின் பக்கம் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயம் இல்லை. கழிவுக்கு வரம்பு வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் போராடியதும், சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் அந்த வரம்பு எழுதப்பட்டதும் இத்தகைய மாலைகளின் பலனாகத்தான்.

கடையிலிருந்து நிறுவனத்துக்குப் போன பிறகு பீடியை வெப்ப அறையில் வைத்து ஈரத்தைப் போக்கி, தரம் பிரித்து, லேபிள் ஒட்டி உறையிடுகிறார்கள். அது வீட்டு வேலையின் எல்லைக்கு வெளியே நடப்பது; எனவே அதை விரிக்கவில்லை.

இந்த வேலை ஏன் வீட்டுக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பீடி பெரிதும் பட்டறைகளில், ஒரே கூரையின் கீழ் பலர் உட்கார்ந்து சுற்றியதுதான். அந்த இடங்களின் காற்றோட்டம், வேலைநேரம், விடுப்பு ஆகியவற்றை முறைப்படுத்தச் சென்னை மாநிலம் 1958-இல் தனிச் சட்டமே இயற்றியது. பட்டறைக்கு விதிகள் வந்தபோது, விதிகள் எட்டாத வீட்டுக்கு இலையும் தூளும் நகர்ந்தன. அதைக் கருத்தில் கொண்டுதான் 1966-இல் நாடாளுமன்றம் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளை வாங்கிப்போய் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளர் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 1974-இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வருங்கால வைப்பு நிதி 1977-இல் பீடித் தொழிலுக்கு நீட்டிக்கப்பட்டது; வீட்டில் சுற்றுகிறவருக்கும் அது பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 1985-இல் உறுதிசெய்தது. 1966 சட்டம் பின்னர் 2020-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டது. 'வீட்டுத் தொழிலாளி' என்ற சொல் சட்டத்தில் ஏறியது சிறிய செய்தி ஆகாது. தார்சாவில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு முதலாளி இருக்கிறார் என்பதை ஒப்புக்கொண்ட சொல் அது.

1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்றும், அதற்கான தீர்வைக்கென்றும் இரு சட்டங்கள் வந்தன. அடையாள அட்டை, மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீடு கட்ட உதவி ஆகியவை அந்த நிதியிலிருந்து வந்தவை. உங்கள் ஆச்சியின் முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென மருத்துவமனை அமைந்ததும் இந்த ஏற்பாட்டில்தான். சரக்கு, சேவை வரி வந்த 2017-இல் அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பாஸ்புத்தகம் இருக்கிறதா என்று கேட்ட காலம் உண்டு. அந்தப் புத்தகம் வைத்திருப்பவளுக்கு வைப்பு நிதியும் மருத்துவமும் உண்டு, எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாலும் கையில் ஒரு தொழில் உண்டு என்பது அந்தக் கேள்வியின் பொருள்.

கேடு குறையுமா என்ற கேள்விக்கு நேரான பதில், குறையாது என்பதே. பீடியில் புகையிலை குறைவு, இலையும் இயற்கையானது என்று பலர் எண்ணுகிறார்கள். தெந்து இலை தாளைப்போல் காற்றை விடாது. நன்றாக எரிவதும் இல்லை. எனவே அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. வடிகட்டியும் கிடையாது. இதன் விளைவாக, சிகரெட்டில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கே புகையிலை இருந்தும், பீடிப்புகையில் கார்பன் மோனாக்சைடும் தாரும் நிகோட்டினும் சிகரெட்டுக்குக் குறையாமல், பெரும்பாலும் கூடுதலாகவே, இழுப்பவருக்குப் போய்ச் சேர்கின்றன. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்கும் இதய நோய்க்கும் பீடி காரணமாவது நன்கு நிறுவப்பட்ட உண்மை. தாளில் கையால் சுற்றும் சிகரெட்டுக்கும் இதே பதில்தான்: பையில் வரும் புகையிலையிலும் ஈரம் காக்கவும் மணம் கூட்டவும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன, எரிவதும் அதே புகையிலை. உங்களுடன் வேலை செய்கிறவர்கள் தாமே சுற்றிக்கொள்வதால் காசு மிஞ்சலாம். உடம்புக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

பீடியில் இன்னொரு கேடும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. சுற்றுகிறவர் ஒரு நாளும் புகைத்திராதவராக இருக்கலாம். தூளின் நெடி நாள் முழுவதும் மூச்சில் போகிறது, நிகோட்டின் ஈரக் கையின் தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்குகிறது. இருமல், இளைப்பு, தலைசுற்றல், கழுத்திலும் இடுப்பிலும் விடாத வலி, கண் எரிச்சல் ஆகியவை தார்சாக்களில் பழகிப்போன சொற்கள். தூளை அடுப்பறையிலும் குழந்தை தூங்கும் இடத்திலும் வைக்கக்கூடாது. சன்னலோரமாக உட்கார வேண்டும். சோற்றில் கை வைப்பதற்கு முன்பும் குழந்தைக்குப் பால் கொடுப்பதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகளை நூல் கட்டவோ மடக்கவோ உட்கார்த்தி வைக்கவே கூடாது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடைசெய்த வேலைகளில் பீடி சுற்றுதலும் ஒன்று. நானும் பள்ளி விட்டு வந்ததும் மடக்கியவன்தான். அது தவறு என்று அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஊருக்குப் போகும்போது ஆச்சியின் பெட்டியில் பாஸ்புத்தகமும் வைப்பு நிதி எண் எழுதிய அட்டையும் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஆச்சி இருந்தால் அவர்கள் பெயரிலேயே, இல்லாவிட்டால் வாரிசு பெயரில், வாங்காமல் கிடக்கும் வைப்புத் தொகையையோ, 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வரவேண்டியதையோ கேட்க வழி உண்டு. நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களில் திரும்பி வந்தவை பெரும்பாலும் பெயரால் திரும்பியவைதான்: கடைப் பதிவேட்டில் மாடத்தி என்று இருக்கும், ஆதார் அட்டையில் மாடத்தியம்மாள் என்று இருக்கும், ஒன்றில் அப்பா பெயர், மற்றொன்றில் கணவர் பெயர். பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தையும், கடைசியாகப் பதிவு போட்ட பக்கத்தையும், ஆதாரையும் சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பெயர்த் திருத்தத்துக்கான கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் நிறுவனத்தின் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுங்கள். அந்தக் கடை மூடியிருந்தால், பாஸ்புத்தகத்தின் அட்டையில் இருக்கும் நிறுவன எண்ணைக் கொண்டு திருநெல்வேலி வைப்பு நிதி அலுவலகத்திலேயே கேட்கலாம்.